டெஸ்க்டாப் பூட் ஆகவில்லையா? எந்தக் கட்டத்தில் நின்றது என்று முதலில் பாருங்கள்

‘கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை’ என்று சர்வீஸ் கடைக்கு வரும் டெஸ்க்டாப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றின் கோளாறும் வேறாக இருக்கும். ஒன்றில் எந்த விளக்கும் எரியாது. ஒன்றில் ஃபேன் சுற்றும், மானிட்டர் கறுப்பாகவே கிடக்கும். இன்னொன்று மதர்போர்டு கம்பெனியின் சின்னத்தைக் காட்டிவிட்டு, பூட் செய்ய டிஸ்க் இல்லை என்று வெள்ளை எழுத்தில் சொல்லும். நான்காவது விண்டோஸ் சின்னம் வரை வந்து நீலத் திரையில் விழும். நான்கையும் உரிமையாளர் ஒரே வாக்கியத்தில் சொல்கிறார். பல கடைகளில் நான்குக்கும் ஒரே மருந்துதான்: ‘ஃபார்மேட் அடிச்சிடலாம் சார்.’

ஃபார்மேட் என்றால் டிஸ்கை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. இந்த நான்கில் முதல் மூன்றுக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே கிடையாது. நான்காவதிலும் அது கடைசி வழி.

இந்தக் குழப்பம் சமீபத்தில் கூடியிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு மாற நினைத்தவர்கள் யாரோ சொன்னதைக் கேட்டு பயாஸுக்குள் (மதர்போர்டின் அமைப்புத் திரை) போய், நம்பகமான பூட் நிரலை மட்டும் ஓடவிடும் ‘செக்யூர் பூட்’ என்ற பாதுகாப்பு வசதியை ஆன் செய்தார்கள். அதுவரை ஒழுங்காக ஓடிய கணினி அடுத்த ரீஸ்டார்ட்டிலேயே டிஸ்கைக் காணோம் என்று நின்றது. டிஸ்க் கெடவில்லை, விண்டோஸும் கெடவில்லை. ஏன் நின்றது என்று புரிய, பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து தொடங்க வேண்டும்.

பட்டனை அழுத்தியதும் நடப்பவை

டெஸ்க்டாப் பூட் ஆவது ஐந்து பேர் ஓடும் தொடர் ஓட்டம். முதல் ஆள் கோலைக் கைமாற்றினால்தான் அடுத்தவர் ஓட முடியும்.

1. மின்சாரம். கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மதர்போர்டு ‘கிளம்பு’ என்று சமிக்ஞை தருகிறது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை எஸ்எம்பிஎஸ் 12, 5, 3.3 வோல்ட்களாக மாற்றுகிறது. எல்லாம் நிலைபெற்ற பிறகு ‘பவர் குட்’ என்ற பதில் சமிக்ஞையை அனுப்புகிறது. இதற்கு அரை நொடிக்கும் குறைவாகவே ஆகும். அந்தப் பதில் வராதவரை பிராசசர் ரீசெட் நிலையிலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும்.

2. ஃபர்ம்வேர். பிராசசர் தன் முதல் கட்டளையை எடுப்பது ஹார்டு டிஸ்கிலிருந்து அல்ல. மதர்போர்டில் ஒட்டியிருக்கும் சின்ன ஃப்ளாஷ் சிப்பிலிருந்து. அதில் இருப்பதைப் பழக்கத்தில் பயாஸ் என்கிறோம். இன்றைய போர்டுகளில் அது யூஇஎஃப்ஐ என்ற புதிய தலைமுறை மென்பொருள்.

3. சுயசோதனை. போஸ்ட் என்று சொல்வது இதைத்தான். ராம், டிஸ்ப்ளே, கீபோர்டு, டிஸ்க் ஆகியவற்றை ஃபர்ம்வேர் ஒவ்வொன்றாக எழுப்பிப் பார்க்கிறது.

4. பூட் லோடர். டிஸ்கில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் உள்ள சிறு நிரலைத் தேடி எடுத்து, பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கிறது.

5. இயங்குதளம். விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலும், வன்பொருளை இயக்கும் டிரைவர்களும் ஏறி, லாகின் திரை வருகிறது.

கணினி கடைசியாக எந்தக் கட்டத்தை முடித்தது என்று தெரிந்தால் போதும். அதற்கு முந்தைய கட்டங்களை ஓரளவு நம்பிக்கையோடு விட்டுவிடலாம். ‘ஓரளவு’ என்பதற்குக் காரணம் எஸ்எம்பிஎஸ். அது மட்டும் பாதி உயிரோடு இருந்துகொண்டு எந்தக் கட்டத்திலும் காலை வாரும்.

ஒன்றுமே எரியவில்லை என்றால்

இந்த வரிசையில் பாருங்கள். செலவில்லாதவை முதலில் வருகின்றன.

1. யூபிஎஸ்ஸை விட்டுவிட்டு பவர் கேபிளை நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள். யூபிஎஸ் பேட்டரி செத்துப்போய், கணினி மேல் பழி விழுவது சாதாரணம். மானிட்டரின் பவர் கேபிளும் பெரும்பாலும் இதே வகைதான், மாற்றிப் பார்க்கலாம்.

2. கேபினட்டின் பின்பக்கம் எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு சுவிட்ச் இருக்கும். வட்டக் குறி ஆஃப், கோட்டுக் குறி ஆன். வீட்டைப் பெருக்கும்போது கை பட்டு மாறியிருக்கலாம்.

3. பட்டனை அழுத்தாதபோதும் எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட்டைத் தொடர்ந்து தந்துகொண்டிருக்கும். மதர்போர்டில் ஒரு சின்ன விளக்கு எரிந்தாலோ, மவுஸின் அடியில் சிவப்பு ஒளி தெரிந்தாலோ அது வருகிறது என்று அர்த்தம். இந்த விளக்கு எரிந்தும் பட்டனுக்கு அசைவில்லை என்றால் முதலில் பட்டனைச் சந்தேகியுங்கள். கேபினட் பட்டன்கள் மலிவானவை, உள்ளே சிக்கிக்கொள்ளும். பட்டனிலிருந்து வரும் மெல்லிய ஒயரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டால் கணினி கிளம்ப வேண்டும். எந்த இரண்டு பின் என்று போர்டின் கையேட்டில் படம் இருக்கும்.

4. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை 15 நொடி அழுத்திப் பிடித்து, மறுபடி செருகிப் பாருங்கள். மந்திரம் போலத் தெரியும், ஆனால் காரணம் எளிது. கெப்பாசிட்டர்களில் மிச்சமிருக்கும் மின்சாரத்தால் போர்டு ஏதோ ஒரு குழப்பமான நிலையிலேயே உறைந்திருக்கும். மின்சாரம் முழுக்க வடிந்தால்தான் அது புதிதாகத் தொடங்கும்.

5. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் தனியே சோதிக்க: பிளக்கைப் பிடுங்கிவிட்டு 24 பின் இணைப்பைப் போர்டிலிருந்து கழற்றுங்கள். அதில் 16-ஆம் பின்னையும் (பெரும்பாலும் பச்சை ஒயர்) பக்கத்தில் உள்ள ஒரு கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டு, அதன் பிறகு பிளக்கைச் செருகுங்கள். ஃபேன் சுற்றாவிட்டால் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. சுற்றினால் நல்ல நிலையில் இருக்கிறது என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. மல்டிமீட்டரில் 12 வோல்ட் ஒயர் 11.4-க்கும் 12.6-க்கும் இடையிலும், 5 வோல்ட் ஒயர் 4.75-க்கும் 5.25-க்கும் இடையிலும் காட்ட வேண்டும்.

இரண்டு அறிகுறிகளைத் தனியே சொல்ல வேண்டும். பட்டனை அழுத்தியதும் ஃபேன் அரைச் சுற்று துடித்து அடங்கினால், எங்கோ ஷார்ட் இருப்பதை உணர்ந்து எஸ்எம்பிஎஸ் தன்னைத் தானே அணைத்துக்கொள்கிறது. முன்பக்க யூஎஸ்பி துளைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். பென் டிரைவை அவசரமாகத் திணித்ததில் உள்ளே உலோக நாக்கு வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால்கூட இது நடக்கும்.

இன்னொன்று, காலையில் நாலைந்து தடவை அழுத்தினால்தான் கிளம்பும், சூடேறிய பிறகு எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் சிக்கல் வராது என்ற வகை. இது பெரும்பாலும் வயதான கெப்பாசிட்டர்களின் வேலை. குளிர்ந்திருக்கும்போது அவற்றால் மின்னழுத்தத்தைச் சீராக்க முடிவதில்லை. ‘பவர் குட்’ வருவதில்லை. ‘தடவித் தடவி ஆன் பண்ணிக்கலாம்’ என்று இதை மாதக்கணக்கில் இழுப்பார்கள். அப்படி இழுத்தால் ஒருநாள் அது மதர்போர்டையும் சேர்த்துக்கொண்டு போகக்கூடும்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். 230 வோல்ட் மாறுமின்சாரம் நேர்மின்சாரமாகும்போது உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் சேர்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்கிவிடும் என்று நம்ப முடியாது.

ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ‘நோ டிஸ்ப்ளே’ என்றதும் மானிட்டரையும் கிராபிக்ஸ் கார்டையும் சந்தேகிக்கிறோம். உண்மையில் படம் வருவது சுயசோதனையின் பின்பகுதியில்தான். அதற்கு முன் ராம் தயாராக வேண்டும். ராம் எழும்வரை ஃபர்ம்வேர் பிராசசருக்குள் இருக்கும் சின்ன கேஷ் நினைவகத்தை வைத்தே சமாளிக்கிறது. அந்த நிலையில் ஏதாவது தவறினால் திரையில் எழுதிக் காட்ட அதற்கு வழியில்லை. பீப் சத்தமும், புதிய போர்டுகளின் ஓரத்தில் உள்ள நான்கு குட்டி விளக்குகளும் அதற்காகத்தான் இருக்கின்றன.

அந்த விளக்குகளின் அருகில் சிபியு (பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (டிஸ்ப்ளே), பூட் (டிஸ்க்) என்று அச்சிட்டிருக்கும். ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். மதர்போர்டு வாங்கும்போது யாரும் இதைக் கேட்டு வாங்குவதில்லை. கேட்டு வாங்க வேண்டிய வசதி இது. பழைய போர்டு என்றால் பீப்பைக் கேளுங்கள். பீப்பின் அர்த்தம் பயாஸ் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அவார்டு பயாஸில் ஒரு நீளமும் இரண்டு குட்டையும் வந்தால் டிஸ்ப்ளே கோளாறு. இடைவிடாமல் கத்தினால் பெரும்பாலான போர்டுகளில் ராம். போர்டில் ஸ்பீக்கரே இல்லாமலும் இருக்கலாம். கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் குட்டி ஸ்பீக்கரை வாங்கிச் செருகிவிட்டால் போர்டு பேச ஆரம்பிக்கும்.

எளிமையான, ஆனால் அருமையான ஒரு சோதனை: பிளக்கைப் பிடுங்கிவிட்டு எல்லா ராமையும் கழற்றிவிடுங்கள். வெறும் போர்டை ஆன் செய்யுங்கள். ராம் இல்லை என்று பீப் கத்தினாலோ டிராம் விளக்கு எரிந்தாலோ நல்ல செய்தி. பிராசசர் விழித்து, ஃபர்ம்வேரைப் படித்து, ராமைத் தேடிப் பார்த்துத்தான் இந்தப் புகாரைச் சொல்கிறது. அப்படியென்றால் பிராசசர், மதர்போர்டு என்ற விலை கூடிய இரண்டு பொருள்களும் பெரும்பாலும் உயிரோடு இருக்கின்றன. ஸ்பீக்கர் இருந்தும் எந்தச் சத்தமும் இல்லை, விளக்கும் இல்லை என்றால் சந்தேகம் மதர்போர்டு, பிராசசர், மின்சாரம் பக்கம் திரும்புகிறது.

அதன் பிறகு இப்படிப் போங்கள்:

1. ஒரே ஒரு ராமை மட்டும் செருகுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில், பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட்டைத்தான் பெரும்பாலான கையேடுகள் பரிந்துரைக்கின்றன. ‘டக்’ என்று கொக்கி விழும்வரை இருபுறமும் அழுத்துங்கள். கிளம்பாவிட்டால் வேறு ஸ்லாட், பிறகு வேறு ராம்.

2. தங்கநிற முனைகளைப் பென்சில் ரப்பரால் துடைப்பது நம்மூர் சர்வீஸ் கடைகளின் புகழ்பெற்ற வைத்தியம். வேலை செய்யும். ஆனால் மென்மையான வெள்ளை ரப்பராக இருக்க வேண்டும், லேசாகத் தேய்க்க வேண்டும், தூளைத் தட்டிவிட வேண்டும். மை அழிக்கும் சொரசொர ரப்பர் தங்கப் பூச்சையே சுரண்டிவிடும். ரப்பருக்குக் கிடைக்கும் புகழில் பாதி, கழற்றி மாட்டியதற்குச் சேர வேண்டியது. அதிலேயே தொடர்புப் புள்ளிகளில் படிந்த மெல்லிய அழுக்கு உரசிப் போய்விடும்.

3. பிராசசருக்கு அருகில், போர்டின் மேல் மூலையில், 4 அல்லது 8 பின் கொண்ட தனி மின் இணைப்பு ஒன்று உண்டு. அது கழன்றிருந்தால் ஃபேன்கள் எல்லாம் கம்பீரமாகச் சுற்றும், பிராசசருக்கு மட்டும் மின்சாரம் போகாது. கேபினட்டைச் சுத்தம் செய்து மாட்டிய பிறகு டிஸ்ப்ளே வரவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

4. தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அதில்தான் செருகப்பட்டிருக்க வேண்டும். கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டின் துளையில் செருகிப் பார்ப்பது நல்ல சோதனை. ஆனால் 12400எஃப் போலப் பெயரின் கடைசியில் எஃப் என்று முடியும் இன்டெல் பிராசசர்களுக்குள் கிராபிக்ஸ் கிடையாது. அவற்றில் இந்தச் சோதனை எப்போதும் தோல்வியைத்தான் காட்டும்.

5. டிடிஆர் 5 ராம் போட்ட புதிய கணினி என்றால், குறிப்பாக 2022-இல் வந்த ஏஎம்டியின் ஏஎம் 5 வகை போர்டு என்றால், பொறுமையாகக் காத்திருங்கள். முதல் முறை ஆன் செய்யும்போதும் ராமை மாற்றும்போதும் அந்த ராமுக்கு ஏற்ற நேரக்கணக்கைப் போர்டு தானே சோதித்துத் தேர்வு செய்கிறது. அதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். திரை கறுப்பாகவே இருக்கும். பதறிப்போய் நடுவில் அணைப்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் அந்தச் சோதனை முதலிலிருந்து தொடங்கும்.

ஒரு நாணயப் பேட்டரி இழுத்துவிடும் வம்பு

மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி இருக்கிறது. கடிகாரத்தை ஓட்டுவதும், பல போர்டுகளில் பயாஸ் அமைப்புகளைக் காப்பதும் அதன் வேலை. கணினி பிளக்கில் இருக்கும்போது அந்த 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரமே கடிகாரத்தை ஓட்டிவிடும், பேட்டரிக்கு ஓய்வு. நம் வீடுகளில் வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சை அணைத்துவிடுகிறோம். நல்ல பழக்கம்தான், ஆனால் பேட்டரி அதனால் சீக்கிரம் தீரும்.

தீர்ந்தால் என்ன ஆகும்? தேதி பல ஆண்டுகள் பின்னால் போகும். வங்கித் தளங்களைத் திறந்தால் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று பிரவுசர் மிரட்டும், ஏனென்றால் அந்தத் தேதியில் தளத்தின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. சீமாஸ் (பயாஸ் அமைப்புகளின் நினைவகம்) பிழை என்று சொல்லி எஃப் 1 பட்டனை அழுத்தச் சொல்லும். இவை தொந்தரவுகள் மட்டும்தான்.

உண்மையான வம்பு இதற்கு அடுத்தது. அமைப்புகள் அழிந்ததும் பயாஸ் தன் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். டிஸ்கைப் படிக்கும் முறை, சாட்டா (டிஸ்கைப் போர்டோடு இணைக்கும் வழி) பிரிவில் பெரும்பாலும் ஏஹெச்சிஐ, ரெய்டு என்று இருவகை. ரெய்டு முறையில் விண்டோஸ் நிறுவப்பட்டிருந்து, பயாஸ் ஏஹெச்சிஐக்குத் திரும்பியிருந்தால் விண்டோஸுக்கு அதன் டிஸ்கே தெரியாது. ‘இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்று நீலத் திரையில் நிற்கும். இந்தக் கணினியைக் கடைக்குக் கொண்டுபோனால் ஃபார்மேட் அடிப்பார்கள். புதிய விண்டோஸ் இப்போதைய அமைப்பிலேயே ஏறும், உடனே பூட் ஆகும். விண்டோஸ்தான் கெட்டிருந்தது என்று எல்லோரும் நம்புவார்கள். பத்து வருடப் புகைப்படங்கள் போனதுதான் மிச்சம், தீர்ந்த பேட்டரி அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

ஃபார்மேட் மேல் நமக்கு இருக்கும் நம்பிக்கையின் ரகசியம் இதுதான். அது பல சமயம் சரியாக்கிவிடுகிறது, ஏன் சரியாயிற்று என்பதையும் சேர்த்து அழித்துவிடுகிறது.

மல்டிமீட்டரில் பேட்டரி 3 வோல்ட்டுக்கு அருகில் காட்ட வேண்டும். 2.5-க்குக் கீழே என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள். மாற்றிய பிறகு பயாஸில் தேதி, சாட்டா முறை, பூட் முறை மூன்றையும் பழையபடி அமையுங்கள். கணினி நன்றாக ஓடும் ஒரு நாளில் பயாஸின் முக்கியப் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால் இந்த வேலை ஐந்து நிமிடத்தில் முடியும்.

டிஸ்க் இல்லை என்று திரை சொன்னால்

செருகி மறந்த பென் டிரைவ் இருந்தால் பிடுங்குங்கள். பயாஸ் அதிலிருந்து பூட் செய்யப் பார்த்திருக்கலாம். அடுத்து டெலிட் அல்லது எஃப் 2 பட்டனைத் தட்டி பயாஸுக்குள் போய், டிஸ்கின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பாதை இங்கே இரண்டாகப் பிரிகிறது.

பெயரே இல்லை என்றால் வன்பொருள் சிக்கல். சாட்டா கேபிளை மாற்றுங்கள், வேறு துளையில் செருகுங்கள், மின் இணைப்பையும் மாற்றிப் பாருங்கள். போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 வகை எஸ்எஸ்டியைப் புதிதாகப் போட்ட அன்றே பழைய டிஸ்க் காணாமல் போனால் பயப்பட வேண்டாம். பல போர்டுகளில் எம்.2 துளையும் ஏதாவது ஒரு சாட்டா துளையும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று வந்தால் மற்றது அணைந்துவிடும். கேபிளை வேறு சாட்டா துளைக்கு மாற்றினால் போதும். ஹார்டு டிஸ்கிலிருந்து ‘டிக், டிக்’ என்று சீரான சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் மீட்கக்கூடிய தரவு குறைகிறது.

பெயர் இருக்கிறது, ஆனாலும் பூட் ஆகவில்லை என்றால் பயாஸின் பூட் முறையும் டிஸ்கும் முரண்பட்டிருக்கலாம். முதலில் சொன்ன விண்டோஸ் 11 குழப்பம் இங்கேதான் வருகிறது.

பழைய பயாஸ் முறையில் டிஸ்கின் முதல் 512 பைட்டுகளில் எம்பிஆர் என்ற சிறு பகுதி இருக்கும். பூட் நிரலும் டிஸ்கின் பிரிவுப் பட்டியலும் அதற்குள்தான். யூஇஎஃப்ஐ அந்த 512 பைட்டுகளை நம்பி ஓட்டுவதில்லை. ஜிபிடி என்ற புதிய பட்டியல் முறையில், தனியே ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, அதில் கோப்பாகவே இருக்கும் பூட் லோடரை எடுத்து ஓட்டுகிறது. பயாஸ் பட்டியலில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்று தெரிவது அந்தக் கோப்புதான். பல ஆண்டுகள் முன் நிறுவிய கணினிகளில் டிஸ்க் எம்பிஆராக இருக்கும், பயாஸ் சிஎஸ்எம் என்ற பழைய முறைப் பொருத்தத்தில் ஓடும். செக்யூர் பூட்டை ஆன் செய்ய சிஎஸ்எம்மை அணைக்க வேண்டும். அணைத்ததும் எம்பிஆர் டிஸ்கில் பூட் செய்ய யூஇஎஃப்ஐக்கு எதுவும் கிடைப்பதில்லை.

எனவே, மாற்றிய அமைப்பைத் திரும்ப வையுங்கள், கணினி பழையபடி பூட் ஆகும். பிறகு முக்கியமான கோப்புகளை வேறு இடத்தில் நகலெடுத்துக்கொண்டு, விண்டோஸ் 10-இலேயே 2017 முதல் இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியால் டிஸ்கை மாற்றுங்கள். தரவை அழிக்காமல் மாற்றுவதற்காகவே செய்யப்பட்ட கருவி அது. அதற்குப் பின்தான் சிஎஸ்எம்மை அணைத்து, செக்யூர் பூட்டை ஆன் செய்ய வேண்டும். வரிசை மாறினால் கணினி நிற்கும்.

விண்டோஸ் சின்னம் வரை வந்து விழுந்தால்

இதற்கு 2024 ஜூலை 19-ஐ விட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் இந்திய நேரப்படி காலை 9.39-க்கு ஒரு சின்ன அப்டேட்டை அனுப்பியது. அவர்களின் மென்பொருளுக்குள் ஒரு பகுதி 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது, தரப்பட்டவை 20. இல்லாத இருபத்தொன்றாவதைப் படிக்கப்போய், நினைவகத்தில் எல்லை தாண்டிக் கைவைத்ததால் விண்டோஸ் விழுந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் கணினிகள். இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

பிழையான அப்டேட்டை 78 நிமிடத்தில் நிறுவனம் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் ஏற்கெனவே விழுந்த கணினிகள் எழவில்லை. அந்த டிரைவர் பூட்டின் தொடக்கத்திலேயே ஏறுவது. நெட்வொர்க் இணைப்பு கிடைப்பதற்குள் கணினி விழுந்துவிடும், திருத்தத்தைப் பதிவிறக்க அவகாசமே இல்லை. தீர்வு என்னவோ எளிதுதான்: சேஃப் மோடில் நுழைந்து ஒரே ஒரு கோப்பை அழிக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு கணினியின் முன்னும் ஒரு மனிதர் போய் நிற்க வேண்டியிருந்தது. மெய்நிகர் கணினிகளுக்கு 15 முறை வரை ரீஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே சொன்னது. விழுவதற்குள் திருத்தம் வந்து சேர்ந்துவிடுமா என்ற பந்தயம் அது.

நம் வீட்டு டெஸ்க்டாப்புக்கும் இதிலிருந்து பாதை கிடைக்கிறது. விண்டோஸ் சின்னம் தெரிந்தால் முதல் நான்கு கட்டங்கள் பெரும்பாலும் முடிந்துவிட்டன. இருமுறை, மும்முறை பூட் தோற்றால் விண்டோஸ் தானாகவே ரெக்கவரித் திரைக்குப் போகும். போகாவிட்டால் சின்னம் வரும் நேரத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதை மூன்று முறை செய்யுங்கள். அந்தத் திரையில்:

1. முதலில் ஸ்டார்ட்டப் ரிப்பேர். பலன் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

2. அண்மையில் அப்டேட் வந்திருந்தால் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’.

3. சேஃப் மோட். இதில் அவசியமான டிரைவர்கள் மட்டுமே ஏறும். சேஃப் மோடில் கணினி நன்றாக ஓடினால் குற்றவாளி அண்மையில் நிறுவிய டிரைவரோ மென்பொருளோதான். அதை நீக்குங்கள்.

4. கணினியை முந்தைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரெஸ்டோர், முன்பே ஆன் செய்து வைத்திருந்தால்.

5. பூட் லோடர் கோப்புகள் கெட்டிருந்தால் கட்டளைத் திரையில் பிசிடிபூட் கட்டளை அவற்றை மறுபடி எழுதும். ரெக்கவரிக்குள் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும். விண்டோஸ் சி டிரைவில்தான் இருக்கிறது என்று நம்பி அடிக்காமல், எந்த எழுத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அடியுங்கள்.

டிஸ்கில் பிழை தேடித் திருத்தும் செக்டிஸ்க் கருவியை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. சாகப்போகும் டிஸ்கில் அதை ஓட்டினால் மணிக்கணக்கில் டிஸ்கைத் துவைத்தெடுக்கும். தரவை நகலெடுத்த பிறகு ஓட்டலாம்.

நடுவில் நீல நிறத்தில் 48 இலக்க எண் கேட்டு ஒரு திரை வரலாம். அது டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். பயாஸை அப்டேட் செய்தாலோ, டிபிஎம் (பூட்டின் சாவியைக் காக்கும் சிப்), செக்யூர் பூட் அமைப்புகளை மாற்றினாலோ இது கேட்கும். விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவர்களுக்கு, தெரியாமலேயே இந்தப் பூட்டு போடப்பட்டிருக்கலாம். வேறு கணினியிலோ கைபேசியிலோ அதே கணக்கில் நுழைந்தால் அந்த எண் கிடைக்கும். அந்த எண் எங்கும் சேமிக்கப்படவில்லை என்றால் தரவை எந்தக் கடைக்காரராலும் மீட்க முடியாது. முடியும் என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

ஃபார்மேட்டுக்கு முன்பும் கடைக்குப் போகும் முன்பும்

மேலே சொன்ன எதுவும் பலிக்கவில்லை, ஆனால் பயாஸில் டிஸ்க் தெரிகிறது என்றால், உபுண்டு போன்ற லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து ‘நிறுவாமல் முயன்று பார்’ என்ற முறையில் பூட் செய்யுங்கள். லினக்ஸ் நன்றாக ஓடினால் ராம், பிராசசர், போர்டு எல்லாவற்றுக்கும் அதுவே ஓரளவு நற்சான்று. அப்படியே டிஸ்கைத் திறந்து புகைப்படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்குக்கு நகலெடுங்கள். பிட்லாக்கர் பூட்டிய டிஸ்க் என்றால் இங்கும் அந்த 48 இலக்க எண் வேண்டும். நகலெடுத்து முடித்த பிறகு ஃபார்மேட் அடிப்பதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.

லினக்ஸும் பாதியில் உறைந்தால், ஃபார்மேட் அடித்துப் பயனில்லை. கோளாறு பெரும்பாலும் வன்பொருளில். மெம்டெஸ்ட் என்ற கருவியை இரவு முழுக்க ஓடவிட்டால் ராம் கோளாறு பெரும்பாலும் வெளியே வந்துவிடும்.

கடைக்குக் கொண்டுபோகும்போது ‘ஆன் ஆகலை’ என்பதற்குப் பதில், ‘ராமைக் கழற்றினால் பீப் வருகிறது, மாட்டினால் டிஸ்ப்ளே இல்லை’ என்றோ, ‘பயாஸில் டிஸ்க் தெரிகிறது, நேற்று சிஎஸ்எம்மை அணைத்தேன்’ என்றோ சொல்லுங்கள். தேவையில்லாத பொருளை மாற்றச் சொல்வது அவர்களுக்குக் கடினமாகிவிடும். போர்டு அல்லது எஸ்எம்பிஎஸ் பழுது என்று உறுதியானால் டிஸ்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கேபினட்டை மட்டும் கொடுங்கள். அந்தப் பழுதைப் பார்க்க அவர்களுக்கு உங்கள் டிஸ்க் தேவையில்லை. பயாஸ் திரை வருகிறதா என்று காட்டினாலே போதும்.